ஷவர் ஓடலாம், ஸ்பிரிங்க்ளர் வழியக்கூடாது: லாஸ் வேகாஸின் தண்ணீர் இன்ஸ்பெக்டர்கள்

லாஸ் வேகாஸில் ஒருவர் தன் வீட்டு நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பம்பு வைத்துத் தண்ணீரைத் தெருவில் விட்டால் அபராதம். அதே தண்ணீரை வீட்டுக்கு வெளியே இருக்கும் சாக்கடை இணைப்பின் மூடியைத் திறந்து அதற்குள் விட்டால் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அப்படித்தான் விடவேண்டும் என்பதே விதி. நமக்கு இது தலைகீழாகப் படும். தெருவில் விட்டால் நாலு செடியாவது குடிக்குமே, அதைப் போய்ச் சாக்கடையில் கலப்பானேன்?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் அந்த ஊரின் தண்ணீர் இன்ஸ்பெக்டர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்குக்கு வரும் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் மீட் ஏரி வழியாக வருகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மாநிலங்கள் மூன்றுக்கும் 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் பங்கு பிரிக்கப்பட்டது. கலிபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி), அரிசோனாவுக்கு 28 லட்சம், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம். நம் கணக்கில் சொன்னால் நெவாடாவின் பங்கு ஏறக்குறைய 13 டி.எம்.சி. மேட்டூர் அணை ஒருமுறை நிரம்பினால் பிடிக்கும் தண்ணீரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1930 கணக்கெடுப்பில் லாஸ் வேகாஸின் மக்கள்தொகை சுமார் ஐயாயிரம்தான். இன்று அந்த ஊர் இருக்கும் கிளார்க் கவுன்டியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பங்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சலுகை உண்டு. எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி விட்டால், விட்ட அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் பயன்படும் தண்ணீர், அதாவது குளியலறை, கழிப்பறை, சமையலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையம் போய், லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக ஏறத்தாழ முழுவதும் மீட் ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. அது கணக்கில் செலவே இல்லை. ஒரு மணி நேரம் ஷவரில் நின்றாலும் ஊரின் பங்கு குறையாது (பம்பு ஓட்டும் மின்சாரம் செலவாகும், அது வேறு விஷயம்). வெளியே தோட்டத்தில் ஊற்றும் தண்ணீர்தான் திரும்பி வராது. ஒரு பகுதி ஆவியாகும், மீதி மண்ணுக்குள் போகும். ஊர் எடுக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இப்படித்தான் வெளியே போய்த் தொலைகிறது. ஆகவே இன்ஸ்பெக்டர் எந்த வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே பார்ப்பதில்லை. அவர் பார்வையெல்லாம் நடைபாதை ஓரத்தில்.

'லாஸ் வேகாஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். பாலைவனத்தின் நடுவே ஊற்றெடுத்த நீரால் அங்கே ஒரு காலத்தில் உண்மையாகவே புல்வெளி இருந்தது. கிணறு தோண்டித் தோண்டி நிலத்தடி நீரை இழுத்ததில் 1962-இல் அந்த ஊற்றுகள் வற்றின. அப்புறம் புல் முழுக்கக் குழாய்த் தண்ணீரில்தான் வளர்ந்தது. ஆண்டுக்கு நாலு அங்குலம் மழை பெய்யும் ஊரில் ஒரு சதுர அடிப் புல்தரைக்கு ஆண்டுக்கு 73 கேலன் தண்ணீர் போனதாக அந்தப் பகுதியின் தண்ணீரை நிர்வகிக்கும் தெற்கு நெவாடா நீர் ஆணையம் 2005-இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு சொல்கிறது. அந்த ஒரு சதுர அடியைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தண்ணீரை நிறுத்திப் பார்த்தால் பத்தடி உயரம் நிற்கும். வானம் தருவது நாலு அங்குலம், புல் கேட்டது பத்தடி.

சரி, இன்ஸ்பெக்டருக்கு வருவோம். உள்ளூர் வழக்கில் அவர்களை 'வாட்டர் காப்' என்கிறார்கள். தண்ணீர் போலீஸ். பதவியின் பெயர் நீர் விரய ஆய்வாளர். போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது, தண்ணீர் வாரிய ஊழியர்தான். வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், ஏனென்றால் ஸ்பிரிங்க்ளர்கள் ஓடும் நேரம் அதுதான். வாரியத்தின் வண்டியில், மஞ்சள் விளக்கு சுழல, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக மெதுவாகப் போவார். எந்த வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. தெருவோர வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தாலே போதும். ஓடினால், அது வரும் திசையிலேயே மேலேறிப் போய் எந்த வீட்டில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு வண்டியை நிறுத்திப் போனில் வீடியோ எடுப்பார். முகவரி, தேதி, நேரம், என்ன குற்றம் என்பதைப் பேசிக்கொண்டே படம் பிடிப்பார். இந்த வீடியோதான் பிற்பாடு வழக்காடும் வீட்டுக்காரருக்குக் காட்டும் சாட்சி. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. வாசலில் நின்று வாக்குவாதம் செய்யத் தேவையில்லை, 'என் வீட்டுத் தண்ணீரே இல்லை' என்று சாதிக்கவும் முடியாது.

எப்போது தண்ணீர் விடலாம் என்பதற்குப் பருவத்தைப் பொறுத்து அட்டவணை உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய வாரத்தில் ஒரே நாள். அந்த நாள் எது என்பது முகவரியைப் பொறுத்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாள். மே முதல் ஆகஸ்டு வரை ஞாயிறு தவிர எல்லா நாளும் விடலாம், ஆனால் பகல் 11 மணியிலிருந்து மாலை 7 வரை ஸ்பிரிங்க்ளர் ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு முழுக்கத் தடை. பாலைவனச் சூரியன் 45 டிகிரியில் காயும்போது தெளிக்கும் நீர் தரைக்கு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோடையில் பிடிபடுகிறவர்களைவிட இலையுதிர் காலத்தில் பிடிபடுகிறவர்கள்தான் எனக்குச் சுவாரசியமாகத் தெரிகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேண்டுமென்று தவறு செய்தவர்களல்லர். கராஜ் சுவரில் ஒரு டைமர் பெட்டி இருக்கும். மே மாதம் யாரோ அதை ஆறு நாளுக்கு வைத்தார்கள். செப்டம்பரில் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. வெயில் தணிந்துவிட்டது, புல் குடிப்பது குறைந்துவிட்டது, பெட்டி மட்டும் கோடைக்கால வேகத்திலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு வகை, மின்தடை. பழைய பெட்டிகளில் உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்திருந்தால், கரன்ட் போய்வந்ததும் பெட்டி தன் நினைவை இழந்து, கம்பெனியில் வைத்த பழைய நிரலுக்கே போய்விடும். தினமும், எல்லா வால்வும் ஓடும். வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் ஓடுவதால் அவருக்குத் தெரியவே தெரியாது. இன்ஸ்பெக்டர் அனுப்பும் நோட்டீஸ்தான் முதல் தகவல்.

நல்ல இன்ஸ்பெக்டர் தண்ணீர் வழியும் விதத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடுவார். ஒரே இடத்தில் நீரூற்றுபோல் பீறிட்டால், தெளிப்பான் தலை உடைந்திருக்கிறது. புல் வெட்டும் மெஷினோ கார்ச் சக்கரமோ இடித்திருக்கும். தண்ணீர் துளியாக விழாமல் புகையாகப் பறந்தால், குழாயில் அழுத்தம் அதிகம். சாதாரணத் தெளிப்பான் தலை சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்துக்காகச் செய்தது. ஊர்க்குழாயில் அதைப்போல் இரண்டு மடங்குகூட வரலாம். அப்போது நீர் பொடிந்து காற்றோடு போய்விடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தலை போட்டால் தீர்ந்தது. ஸ்பிரிங்க்ளர் நின்ற பிறகும் சரிவின் கீழ்க்கோடியில் இருக்கும் தலை மட்டும் கசிந்துகொண்டிருந்தால், அது உடைசல் அல்ல. குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி வடிகிறது. தடுப்பு வால்வு உள்ள தலையாக மாற்ற வேண்டும். எப்போதும் விடாமல் கசிந்தால் வால்வுக்குள் ஒரு மணல் துகள் சிக்கி அது முழுதாக மூடாமல் இருக்கிறது.

இவை எதுவுமே இல்லாமலும் தண்ணீர் வழியும். அதுதான் வீட்டுக்காரர்களுக்கு விளங்க வைக்கக் கடினமானது. 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, நான் பதினைந்து நிமிடம்தானே விடுகிறேன்' என்பார்கள். பிரச்சினை அந்தப் பதினைந்து நிமிடம்தான். தெளிப்பான் மணிக்கு ஒன்றரை அங்குலம் என்ற கணக்கில் ஊற்றும். இறுகிய மண் அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் உறிஞ்சும். லாஸ் வேகாஸ் மண்ணில் பல இடங்களில் மேலாகவே சுண்ணாம்பு இறுகிக் கான்கிரீட்போல் ஒரு அடுக்கு கிடக்கும். கலீச்சி என்பார்கள், கடப்பாறைக்கும் லேசில் அசையாது. சில நிமிடங்களிலேயே மேல்மண் நிறைந்துவிடும், அதற்குமேல் ஊற்றுவதெல்லாம் தெருவுக்கு. அதனால்தான் வாரியம் சொல்லும் முறை வேறு: நாலு நிமிடம் விட்டு நிறுத்து, ஒரு மணி நேரம் ஊறட்டும், மறுபடி நாலு நிமிடம், மறுபடி ஒரு மணி நேரம், இன்னொரு நாலு நிமிடம். மொத்தம் பன்னிரண்டு நிமிடம், ஒரு சொட்டு வழியாது. நம் ஊரில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டிமார் தானாகவே செய்வதுதான் இது. கொஞ்சம் ஊற்றி, இழுக்கட்டும் என்று விட்டு, மறுபடி வருவார்கள்.

முதல் முறை பிடிபட்டால் எச்சரிக்கை, சரிசெய்ய அவகாசம். திருந்தாவிட்டால் சாதாரண வீட்டு மீட்டருக்கு அபராதம் 80 டாலரில் தொடங்கும். அடுத்து 160, 320, 640 என்று ஒவ்வொரு முறையும் இரட்டித்து 1,280 வரை போகும். தண்ணீர் பில்லோடு சேர்ந்தே வரும். பெரிய மீட்டர் வைத்திருக்கும் ஓட்டல்களுக்கும் வளாகங்களுக்கும் தொகை அதிகம்.

இந்த அபராதம் யாரை உறைக்கிறது என்பது வேறு கதை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு 160 டாலர் பெரிய தொகை, ஆனால் டைமர் பெட்டியின் சாவி வீட்டு உரிமையாளரிடம் இருக்கும். மதில் வளைத்த மாளிகையில் இரண்டு ஏக்கர் புல்தரை வைத்திருப்பவருக்கு 1,280 டாலர் ஒரு இரவுச் சாப்பாட்டுச் செலவு. அவர் எல்லா நாளும் ஊற்றிக்கொண்டு அபராதத்தைக் கட்டணமாகவே கருதிக் கட்டிவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஜனவரி முதல் மிகைப் பயன்பாட்டுக் கட்டணம் வந்தது. பருவத்துக்கு ஏற்ற உச்சவரம்பைத் தாண்டும் ஒவ்வோர் ஆயிரம் கேலனுக்கும் 9 டாலர் கூடுதல். இதற்கு இன்ஸ்பெக்டரே தேவையில்லை, மீட்டர் போதும். பெரிய வீடுகளிலிருந்து உரத்த கூச்சல் வந்ததும் இதற்குத்தான், அபராதத்துக்கு அல்ல.

அப்புறம் அண்டை வீட்டார். யார் வேண்டுமானாலும் போனில் புகார் செய்யலாம். வேலித் தகராறு, நாய் குரைக்கும் தகராறு எல்லாம் தண்ணீர்ப் புகாராக உருமாறி வரும் என்பது இந்த வேலையில் எங்கும் எதிர்பார்க்க வேண்டியது. புகாரின் காரணம் எதுவானாலும் இன்ஸ்பெக்டர் போய்த் தன் கண்ணால் பார்த்தால்தான் வழக்கு.

தெருவில் சுற்றும் இவர்களைத் தவிர இன்னொரு வகை ஆய்வாளர்களும் உண்டு. உண்மையான மிச்சம் இவர்களால்தான் என்பது என் எண்ணம். முன்பு சொன்ன தெற்கு நெவாடா நீர் ஆணையம் 1991-இல் உருவானது. 1999 முதல் அது புல்லைப் பிடுங்கினால் பணம் தருகிறது. அண்மை ஆண்டுகளில் சதுர அடிக்கு 3 முதல் 5 டாலர் வரை. புல்லுக்குப் பதில் பாலைவனத்தைத் தாங்கும் செடிகளும் சொட்டுநீரும். முன்பு சொன்ன அதே ஆய்வில் அப்படி மாற்றிய தரைக்கு ஆண்டுக்குச் சதுர அடிக்கு 17 கேலன்தான் போனது. சுமார் 55 கேலன் மிச்சம். இதுவரை 20 கோடி சதுர அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 4,600 ஏக்கர் புல் போயிருக்கிறது.

பணம் கைமாறும் இடம் என்பதால் ஆய்வு இரண்டு முறை. முதல் முறை புல் இருக்கும்போதே. அது உயிருள்ள புல்லா, தண்ணீர் விட்டு வளர்க்கிற புல்லா என்று பார்த்து, அளந்து எழுத வேண்டும். ஆர்வக்கோளாறில் வார இறுதியில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை விண்ணப்பிப்பவருக்குப் பணம் கிடையாது. அதை அவரிடம் சொல்வது இந்த வேலையின் சங்கடமான பகுதிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டாம் முறை. சொட்டுநீர்க் குழாயில் ஃபில்டரும் அழுத்தக் கட்டுப்படுத்தியும் இருக்கிறதா, வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுக் கணக்குக் காட்டுகிறார்களா என்று பார்ப்பார்கள். செடிகள் முழு வளர்ச்சி அடையும்போது தரையில் பாதிக்காவது நிழல் விழவேண்டும் என்பது நிபந்தனை. செடி இல்லாத ஜல்லித்தரை வெயிலில் அடுப்பாகிவிடும்.

மேலும் ஒரு படி போனது 2021-இல். கொலராடோ ஆற்றுப் படுகையில் வறட்சி 2000 முதலே தொடர்ந்தது. மீட் ஏரியின் நீர்மட்டம் இருபது ஆண்டுகளில் 170 அடிக்கு மேல் இறங்கி, 2022 கோடையில் 1,040 அடி அளவுக்கு வந்தது. 1930-களில் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு இல்லாத தாழ்வு. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, நெவாடாவின் பங்கில் 21,000 ஏக்கர் அடி வெட்டு விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்பே, ஜூனில், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது: பயன் இல்லாத புல்லுக்குக் கொலராடோ தண்ணீரை 2027 ஜனவரி 1 முதல் விடவே கூடாது. தனி வீடுகளுக்கு இது பொருந்தாது. கடை வளாகம், அலுவலகம், சாலை நடுத்திட்டு, குடியிருப்புச் சங்கங்களின் பொதுப்புல் இவற்றுக்குத்தான்.

'பயன் இல்லாத புல்' என்றால் எது? சட்டத்தில் எழுதுவது சுலபம், களத்தில் நின்று தீர்மானிக்க வேண்டியவர் பாடு வேறு. பார்க்கிங் இடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்தில் ஓடும் புல்பட்டையில் சந்தேகமே இல்லை, அதை மிதிப்பவர் அதை வெட்ட வருபவர் மட்டுமே. விளையாட்டு மைதானமும் சுலபம், அது பயனுள்ளது. நடுவில்தான் தகராறு. சங்கத்தின் வாசல் புல்லில் மாலையில் பிள்ளைகள் பந்து உருட்டுகிறார்கள், அது விளையாட்டு மைதானமா? நாய்களை நடத்திப் போகிறார்கள், அது நாய்களுக்கான இடமா? ஆணையம் இதற்கு அளவுகோல் வைத்தது. குறைந்தது 1,500 சதுர அடி தொடர்ச்சியாக இருக்க வேண்டும், தெருவிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதுபோல. அளவுநாடா பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்க்காது. சில நியாயமான புல்தரைகளும் இதில் போகத்தான் போகும்.

இந்த ஊர்க்காரர்களிடம் வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: என் வீட்டு வாசலில் ஒரு வாளி வழிந்தால் நோட்டீஸ், பெலாஜியோ ஓட்டலின் வானுயர நீரூற்று நடனத்துக்கு என்ன? அந்த ஓட்டலின் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் போவதில்லை. அங்கே முன்பு இருந்த டியூன்ஸ் கோல்ஃப் மைதானத்துக்காகத் தோண்டிய கிணற்று நீர் அது. கணக்குப்படி சரியான பதில். ஆனாலும் கேட்பவர் முகத்தில் திருப்தி தெரியாது, எனக்கும் முழுத் திருப்தி இல்லை. விதிக்கு உட்பட்டது என்பதும் பார்வைக்கு நியாயமாக இருப்பது என்பதும் வேறு வேறு.

பக்கத்து மாநிலமான கலிபோர்னியா வேறு வழியில் போகிறது. அங்கே தோட்டம் போடுவதற்கு முன்பே வரைபடம் நகராட்சிக்குப் போக வேண்டும். புதிய தோட்டம் 500 சதுர அடிக்கு மேல் என்றால், அந்த ஊரின் ஆவியாகும் அளவை வைத்துத் தோட்டத்துக்கு ஒரு தண்ணீர் பட்ஜெட் கணக்கிட்டு, அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பத்தடிக்கும் குறுகலான பட்டைகளில் மேலிருந்து தெளிக்கக்கூடாது, நடைபாதையை ஒட்டி இரண்டடிக்குள் தெளிப்பான் கூடாது என்று வழிவதற்கான காரணங்களையே வரைபடத்தில் வெட்டிவிடுகிறார்கள். அந்த இன்ஸ்பெக்டரின் கையில் போன் கேமராவுக்குப் பதில் ஸ்கேல். புதிய வீடுகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஐம்பது வருடப் பழைய புல்தரைக்கு வரைபடம் ஏது? அங்கே விடிகாலைச் சுற்றுதான்.

லாஸ் வேகாஸுக்குப் பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. 2002-இல் அது தன் 3 லட்சம் ஏக்கர் அடியையும் தாண்டிச் செலவழித்தது. 2023-இல் செலவு 2 லட்சத்துக்கும் கீழே. இடையில் மக்கள்தொகை ஏழரை லட்சத்துக்கும் மேல் கூடியிருந்தது.

இப்போது அவர்கள் முன் நிற்கும் தலைவலி மரங்கள். புல்தரையின் நடுவே நின்ற மரம் முப்பது வருடமாகத் தனக்கென்று தண்ணீர் கேட்டதில்லை, புல்லுக்குத் தெளித்ததைக் குடித்தே வளர்ந்தது. அதனால் வேரும் ஆழம் போகாமல் புல்லின் அகலத்துக்குப் பரவியிருக்கும். புல்லை எடுத்து ஸ்பிரிங்க்ளரை அடைத்துவிட்டு, அடிமரத்தை ஒட்டி இரண்டு சொட்டுவாய்களைப் போட்டுவிட்டுப் போனால், தண்ணீர் ஓரிடத்தில், உறிஞ்சும் வேர்கள் வேறிடத்தில். மரம் உடனே சாகாது. ஒரு கோடை தாங்கும், இரண்டாம் கோடையில் உச்சிக்கிளை காயும். அதற்குள் இரண்டாம் ஆய்வு முடிந்து, பணம் கைமாறி, கோப்பு மூடப்பட்டிருக்கும். சொட்டுக்குழாயைக் கிளை விரிந்திருக்கும் விளிம்பு வரைக்கும் வட்டமாகச் சுற்றி, மரம் வளர வளர வட்டத்தையும் தள்ளிப் போடவேண்டும். ஆய்வுக்கு வந்தவர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அடுத்த வருடம் அந்த வட்டத்தைத் தள்ளிப் போட்டார்களா என்று பார்க்க அவர் வரப்போவதில்லை.